உங்கள் நாய் என்ன இனம்? கைப்பேசிச் செயலியும் டிஎன்ஏ சோதனையும் எப்படி வேலை செய்கின்றன

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டங்களில் நாய் இல்லாத லயம் குறைவு. செம்பனை வரிசைக்குள் காட்டுப்பன்றி நுழைந்தால் குரைக்க, இரவில் வாசலைப் பார்க்க, பிள்ளைகளோடு ஓட என்று ஏதோ ஒரு நாய் இருக்கும். குட்டியைத் தந்தவர் “அல்சேஷன் மிக்ஸ்” என்பார். பக்கத்து வீட்டு அண்ணன் “அதெல்லாம் இல்லை, கம்பத்து நாய்தான்” என்பார். இப்போது கைப்பேசியும் இந்தப் பேச்சில் கலந்துகொள்கிறது. படம் எடுத்துக் காட்டினால் “பாசென்ஜி, 61 விழுக்காடு” என்பதுபோல் இனப்பெயரோடு ஓர் எண்ணையும் தருகிறது. எண் இருப்பதாலேயே பலரும் நம்பிவிடுகிறார்கள். அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால், எப்போது நம்பலாம், எப்போது கூடாது என்பதும் தெரிந்துவிடும்.

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிவிடலாம். நாயின் தோலுக்கடியில் போடும் மைக்ரோசிப்புக்கும் இனத்துக்கும் சம்பந்தமில்லை. அதில் இருப்பது 15 இலக்க எண் மட்டுமே. 134.2 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஸ்கேனர் அதைப் படிக்கும். உரிமையாளர் பெயர், இனம் எல்லாம் பதிவேட்டில் யாரோ எழுதிவைத்தவை. இனத்தைக் கண்டுபிடிக்க இன்று இருக்கும் வழிகள் இரண்டுதான். ஒன்று, படத்தைப் பார்த்துச் சொல்லும் செயலி. மற்றது, கன்னத்து உள்தோல் உயிரணுக்களை எடுத்துச் செய்யும் டிஎன்ஏ சோதனை.

செயலி படத்தை எப்படிப் பார்க்கிறது

கூகல் லென்ஸ் போன்ற பொதுச் செயலியானாலும் சரி, நாய்க்கென்றே வந்த செயலிகளானாலும் சரி, உள்ளே இருப்பது ஒரே வகை வேலை. இனப்பெயர் குறித்த ஆயிரக்கணக்கான நாய்ப் படங்களை ஒரு கணினி நிரலுக்குக் காட்டிக் காட்டிப் பழக்குகிறார்கள். முதல் அடுக்குகள் கோடு, விளிம்பு, நிறமாற்றம் போன்ற சின்ன விஷயங்களைப் பிடிக்கும். அடுத்தடுத்த அடுக்குகள் அவற்றைச் சேர்த்துக் காது, மூக்கு, ரோமச் சுருள் என்று அறியும். கடைசி அடுக்கு, தன்னிடம் உள்ள ஒவ்வொரு இனப்பெயருக்கும் ஒரு மதிப்பெண் போடும்.

அந்தப் பெயர்ப் பட்டியலைத்தான் கவனிக்க வேண்டும். இத்துறையில் பழகுவதற்கு வெகுகாலமாகப் பயன்படும் தொகுப்பு, ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகத்தினர் 2011இல் வெளியிட்டது. 120 வகை, 20,580 படங்கள். அதில் லாப்ரடோர் உண்டு, அல்சேஷன் உண்டு, ஆஸ்திரேலியக் காட்டுநாய் டிங்கோகூட உண்டு. கம்பத்து நாய் இல்லை. நம் முன்னோர் ஊர்ப்பக்கத்து ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஒன்றும் இல்லை. பிறகு வந்த செயலிகள் பட்டியலை நீட்டியிருக்கின்றன. ஆனாலும் எந்தப் பட்டியலும் கம்பத்து நாய்க்காக எழுதப்பட்டதல்ல.

பட்டியலில் இல்லாத நாயைக் காட்டினால் என்ன ஆகும்? “தெரியவில்லை” என்ற பதில் வரும் என்று எதிர்பார்ப்போம். வராது. இது கொள்குறிக் கேள்வித்தாள் மாதிரி: சரியான விடை தாளில் இல்லாவிட்டாலும் ஏதாவது ஒரு வட்டத்தைக் கறுப்பாக்கியே தீர வேண்டும். எல்லா இனங்களின் மதிப்பெண்களும் கூடினால் 100 விழுக்காடு வரும்படி நிரல் கணக்கிடுகிறது. ஆகவே “61 விழுக்காடு” என்பது உங்கள் நாயின் ரத்தத்தில் 61 பங்கு அந்த இனம் என்று பொருளாகாது. உண்மையாக இருக்க 61 விழுக்காடு வாய்ப்பு என்றும் பொருளாகாது. தன் பட்டியலுக்குள் பார்த்ததில் இந்தப் பெயருக்கு இத்தனை பங்கு சாய்வு, அவ்வளவுதான். செயலியின் குணத்தை ஒரு நிமிடத்தில் சோதிக்கலாம். ஒரு கன்றுக்குட்டியின் படத்தையோ ஆட்டின் படத்தையோ கொடுத்துப் பாருங்கள். “இது நாயில்லை” என்று சொன்னால், அதில் நாயா இல்லையா என்று பார்க்கும் முன்சோதனை இருக்கிறது. நாய் இனப்பெயர் ஒன்றைச் சொன்னால், அது எதைக் காட்டினாலும் பெயர் சொல்லும் ரகம்.

தோட்டத்து நாய்களுக்கு அடிக்கடி வரும் சில பதில்களுக்கும் இதுவே காரணம். குட்டை ரோமம், செம்பழுப்பு நிறம், நிமிர்ந்த காது, மேல்நோக்கிச் சுருண்ட வால் உள்ள நாய்க்கு, 120 பெயர்களில் உருவத்தால் அருகில் இருப்பவை பாசென்ஜியும் டிங்கோவும். மூக்கு கறுத்திருந்தால் மாலினாய்ஸ். கால் நீண்டு உடல் மெலிந்திருந்தால் இபிஸான் ஹவுண்ட். சொறி பிடித்து ரோமம் கொட்டிய பாவப்பட்ட நாயை மெக்சிகோவின் ரோமமில்லா இனம் என்று சொல்லவும் வாய்ப்புண்டு, ஏனென்றால் அந்தப் பெயரும் பட்டியலில் இருக்கிறது. ஆப்பிரிக்கப் பாசென்ஜியின் ரத்தம் பேராக் தோட்டத்து லயத்துக்கு வந்துசேர வழியே இல்லை என்பது நமக்குத் தெரியும். செயலிக்கு ஊர் தெரியாது.

படத்தைச் சரியாக எடுப்பது

இருந்தாலும் செயலியை ஒதுக்கத் தேவையில்லை. வாங்கி வந்த நாய் உண்மையிலேயே ஒரு தூய இனமாக இருந்து, அதன் பெயர் மட்டும் தெரியாவிட்டால், நல்ல படத்துக்குச் செயலி பெரும்பாலும் சரியாகவே சொல்லும். கெட்ட படம்தான் அதைக் கெடுக்கிறது.

உங்கள் கைப்பேசி 12 மெகாபிக்சலில் எடுத்தாலும், இவ்வகை நிரல்கள் பல அதை 224க்கு 224 புள்ளிகள் கொண்ட சதுரமாகச் சுருக்கித்தான் பார்க்கும். மொத்தம் ஐம்பதாயிரம் புள்ளிகள்தான். வாசல், மோட்டார், துணிக்கொடி எல்லாம் தெரியும்படி எடுத்த படத்தில் நாய்க்குக் கிடைப்பது அதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. எனவே படத்தை வெட்டி, நாய் மட்டும் நிறைந்திருக்கும்படி கொடுக்க வேண்டும்.

நின்றபடி மேலிருந்து எடுக்காதீர்கள். தலை பெரிதாகவும் கால் குட்டையாகவும் வரும். மண்டியிட்டு, நாயின் கண் மட்டத்துக்குக் கைப்பேசியை இறக்குங்கள். முகத்துக்கு வெகு அருகே போனால் மூக்கு நீண்டு பருத்துத் தெரியும். இரண்டு மீட்டர் தள்ளி நின்று இரண்டு மடங்கு ஜூம் வைத்தால் அளவுகள் மாறாது. மூன்று படங்கள் வேண்டும்: நேர்முகம், பக்கவாட்டுத் தலை, நான்கு காலிலும் நிற்கும் முழு உடல். படுத்திருக்கும் நாயும் குந்தியிருக்கும் நாயும் உதவா. வாயைத் திறந்து இளைக்கும்போது முகத்தின் வடிவமே மாறிவிடும் என்பதால் வெயில் ஏறுவதற்கு முன் காலையிலேயே எடுப்பது நல்லது. சட்டை, மணி, அகலமான பட்டை எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள்.

நம் பக்கத்தில் மட்டும் வரும் இரண்டு சிக்கல்கள் உண்டு. செம்பனை மட்டையின் நிழல் நாயின் மேல் வரிவரியாக விழும். அந்த வரியை ரோமத்தின் வரியாகச் செயலி எடுத்துக்கொள்ளும். திறந்த நிழலில், சுவர் ஓரமாக நிறுத்துங்கள். அடுத்து செம்மண். வெள்ளைக் காலும் வயிறும் செம்மண் அப்பிச் சிவந்திருந்தால் நிறமே தவறாகிவிடும். முந்தின நாள் குளிப்பாட்டி, நன்கு காய்ந்த பிறகு எடுக்க வேண்டும். நனைந்த ரோமம் உடலோடு ஒட்டி வேறு நாயாகக் காட்டும்.

பின்னணியும் ஏமாற்றும். 2016இல் அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர், ஓநாய்ப் படங்களில் பனியும் ஹஸ்கி நாய்ப் படங்களில் பனியில்லாமலும் இருக்கும்படி வேண்டுமென்றே தேர்ந்தெடுத்து ஒரு நிரலைப் பழக்கினார்கள். அது விலங்கைப் பார்க்கவே இல்லை, பனி இருந்தால் ஓநாய் என்று சொல்லப் பழகிக்கொண்டது. அதனால் ஒரே நாயை வேறு வேறு இடத்தில், வேறு வேறு நேரத்தில் ஐந்து படமாவது எடுத்துக் கொடுத்துப் பாருங்கள். ஐந்துக்கும் ஒரே பெயர் வந்தால் அந்தப் பெயரை மேலும் விசாரிக்கலாம். படத்துக்குப் படம் பெயர் மாறினால், நாய் பட்டியலுக்கு வெளியே இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். குட்டிகளுக்கு இந்தச் சோதனையே வீண். அல்சேஷன் குட்டிக்குக் காது நிமிர நான்கு முதல் ஆறு மாதம் ஆகும். அதற்கு முன் எந்தக் குட்டியும் எதைப் போலவும் இருக்கும்.

உருவம் ஏன் பொய் சொல்கிறது

செயலி மட்டுமல்ல, பழகிய மனிதக் கண்ணும் இங்கே தடுமாறும். 2009இல் அமெரிக்காவில் விக்டோரியா வோய்த் என்ற கால்நடை மருத்துவரும் சக ஆய்வாளர்களும், காப்பகங்களிலிருந்து தத்துப்போன 20 கலப்பு நாய்களை எடுத்துக்கொண்டு, காப்பகத்தார் ஊகித்த இனத்தையும் டிஎன்ஏ முடிவையும் ஒப்பிட்டார்கள். பெரும்பாலான நாய்களில், ஊகித்த இனம் டிஎன்ஏவில் முதன்மை இனமாக இல்லை.

காரணம், நாயின் வெளித்தோற்றத்தை முடிவுசெய்வது மிகச் சில மரபணுக்கள். தூய இன நாய்களின் ரோம வகைகளில் பெரும்பாலானவற்றை எஃப்ஜிஎஃப்5, ஆர்எஸ்பிஓ2, கேஆர்டி71 என்ற மூன்று மரபணுக்களே விளக்கிவிடுகின்றன என்று அதே 2009இல் கண்டறிந்தார்கள். குட்டை ரோமம் நீண்ட ரோமத்தை அடக்கிவிடும். பொம்மேரியனும் குட்டை ரோமக் கம்பத்து நாயும் சேர்ந்தால் குட்டிகள் பெரும்பாலும் குட்டை ரோமத்தோடுதான் பிறக்கும். பாதி ரத்தம் பொம்மேரியன், பார்வைக்குச் சுவடே இருக்காது. மறுபக்கம், கறுப்பும் பழுப்புமாக முதுகில் சேணம் போட்டது போன்ற நிறம் இருந்தாலே அல்சேஷன் என்று இங்கே முடிவுகட்டிவிடுவார்கள். அந்த நிறத்துக்கான மரபணு வடிவம் அல்சேஷனின் தனிச்சொத்து அல்ல. நாக்கில் கறும்புள்ளி இருந்தால் சௌசௌ ரத்தம் என்பதும் இப்படிப்பட்ட நம்பிக்கையே; பல இனங்களில் புள்ளி வரும்.

இதைவிட அடிப்படையான விஷயம் ஒன்று. கம்பத்து நாய் என்றால் பல இனங்கள் கலந்து கெட்டுப்போன நாய் என்று நினைக்கிறோம். இது தலைகீழ் எண்ணம். லண்டனில் கென்னல் கிளப் தொடங்கியது 1873இல். இன்று நாம் பெயர் சொல்லும் இனங்களில் பெரும்பாலானவை கடந்த 200 ஆண்டுகளுக்குள் மனிதர் தேர்ந்தெடுத்துப் பெருக்கியவை. கம்பத்து நாய் போன்ற ஊர்நாய்கள் அதற்குப் பல்லாயிரம் ஆண்டு முன்பிருந்தே மனிதர் குடியிருப்புகளை ஒட்டி, தாமாகவே இணைசேர்ந்து வாழ்ந்துவருபவை. 2015இல் வெளியான ஒரு மரபணு ஆய்வு, 161 இனங்களைச் சேர்ந்த 4,676 நாய்களோடு 38 நாடுகளின் 549 ஊர்நாய்களையும் சேர்த்துப் பார்த்தது. உலகின் பல பகுதிகளில் ஊர்நாய்களுக்கென்று சொந்த மரபு வளம் இருக்கிறது என்பதை அது காட்டியது. அப்படிப்பட்ட நாயிடம் போய் “நீ எந்த இனங்களின் கலப்பு?” என்று கேட்பதே பொருந்தாத கேள்வி. அது எதன் கலப்புமாக இல்லாமல் இருக்கலாம்.

இங்கே தெலோமியன் பெயரும் அடிபடும். தீபகற்பத்தின் பூர்வகுடிகளான ஓராங் அஸ்லி மக்கள் வளர்த்த நாய் அது. பகாங்கின் தெலோம் ஆற்றின் பெயர் கொண்டது. 1963இல் ஆர்வில் எலியட் என்ற மானுடவியலாளர் ஒரு ஜோடியை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனதால் வெளியுலகுக்குத் தெரியவந்தது. செம்பழுப்பு நாயெல்லாம் தெலோமியன் என்று யாராவது சொன்னால், படத்தை வைத்து ஆமென்றும் சொல்ல முடியாது, இல்லையென்றும் சொல்ல முடியாது.

டிஎன்ஏ சோதனை

நாயின் மரபுத்தொகுதி 39 ஜோடி குரோமோசோம்களில் ஏறத்தாழ 240 கோடி எழுத்துகள் நீளம். 2005இல் டாஷா என்ற பாக்ஸர் நாயிடமிருந்து அது முதன்முறையாக விரிவாகப் படிக்கப்பட்டது. வீட்டுச் சோதனைகள் முழுவதையும் படிப்பதில்லை. நாய்க்கு நாய் மாறும் இடங்களில் சிலவற்றை மட்டும் பார்க்கும். எம்பார்க் போன்ற நிறுவனங்கள் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட இடங்களைப் பார்க்கின்றன. அங்கே இருக்கும் எழுத்துத் தொடர்களைத் தம்மிடம் உள்ள இனவாரி மாதிரிகளோடு துண்டு துண்டாக ஒப்பிட்டு, இந்தத் துண்டு லாப்ரடோரிலிருந்து, அந்தத் துண்டு ஊர்நாயிலிருந்து என்று பிரித்துக் கூட்டுவார்கள். அதனால் இங்கே வரும் விழுக்காடு உண்மையான பங்கு. செயலியின் விழுக்காட்டோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

செலவு சில நூறு ரிங்கிட். வாங்குவதற்கு முன், அந்த நிறுவனம் மலேசியாவிலிருந்து அனுப்பும் மாதிரியை ஏற்குமா, திருப்பி அனுப்பும் அஞ்சல் செலவு யாருடையது, மாதிரித் தொகுப்பில் ஊர்நாய்கள் இருக்கின்றனவா என்று மூன்றையும் விசாரியுங்கள். மூன்றாவதுதான் முக்கியம். ஊர்நாய் மாதிரி இல்லாத நிறுவனம், உங்கள் கம்பத்து நாயின் துண்டுகளை அருகில் இருக்கும் ஏதாவது ஆசிய இனத்தின் கணக்கில் எழுதிவிடும். பட்டியல் சிக்கல் இங்கேயும் விடுவதில்லை.

மாதிரி எடுப்பதில்தான் பலர் பணத்தைக் கோட்டைவிடுகிறார்கள். ஆய்வகத்துக்கு வேண்டியது எச்சில் அல்ல, கன்னத்தின் உட்புறத் தோலிலிருந்து உரியும் உயிரணுக்கள். சாப்பிட்டுச் சற்று நேரம் போக வேண்டும். நிறுவனத்துக்கு நிறுவனம் அரைமணி முதல் இரண்டு மணி நேரம் வரை சொல்வார்கள். அந்த இடைவெளியில் நாயைத் தனியே கட்டிவைக்க வேண்டும். இரண்டு நாய்கள் ஒரே தட்டில் தின்றாலோ, ஒன்றின் வாயை மற்றது நக்கினாலோ, இரண்டின் டிஎன்ஏவும் கலந்து சோதனை தோற்கும். பால் குடிக்கும் குட்டிக்கு எடுக்கவே கூடாது, தாயின் உயிரணுக்கள் வாயில் இருக்கும். பால் மறந்த பிறகு எடுங்கள்.

குச்சியின் நுனியைத் தொடாமல் வெளியே எடுத்து, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே வைத்து, வெளியிலிருந்து மற்றக் கையால் கன்னத்தை மெல்ல அழுத்தியபடி உருட்டித் தேயுங்கள். எத்தனை விநாடி என்பது பெட்டியில் இருக்கும். அதைக் குறைக்க வேண்டாம். நாய் குச்சியைக் கடித்தால் விடுவிக்க இழுக்காமல், வாய் திறக்கும்வரை பொறுங்கள். சில பெட்டிகளில் குழாய்க்குள் திரவம் இருக்கும், அது சிந்தாமல் நுனியைக் கீழே நுழைத்து உடனே மூட வேண்டும். திரவம் இல்லாத வகையை, பெட்டியில் சொன்னபடி காற்றில் உலர்த்திய பிறகே உறையில் போட வேண்டும். நம் ஈரக்காற்றில் அவசரப்பட்டு மூடினால் பூஞ்சணம் பிடிக்கும். வெயிலில் நிற்கும் காரிலும் மோட்டார் பெட்டியிலும் மாதிரியை வைக்காதீர்கள். அனுப்புவதற்கு முன் குழாயின் எண்ணை இணையத்தில் நாயின் பெயரில் பதிந்துவிடுங்கள்; மறந்தால் அது யாருடைய நாய் என்று ஆய்வகத்துக்குத் தெரியாது. ஆய்வகத்தில் சேர்ந்த பின் முடிவுக்குப் பொதுவாக இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும்.

மிக மலிவான சோதனைகளில் எச்சரிக்கை தேவை. அமெரிக்காவில் தொலைக்காட்சிச் செய்தியாளர் ஒருவர் தன் கன்னத்து மாதிரியையே நாய் மாதிரி என்று அனுப்பியபோது, ஒரு நிறுவனம் நாய் இனங்களின் பெயரை வரிசையாக எழுதி அனுப்பியது. ஒழுங்கான ஆய்வகம் மாதிரி நாயினுடையதுதானா, போதிய தெளிவு உள்ளதா என்று பார்த்து, இல்லையென்றால் மறுமாதிரி கேட்கும். ஆகவே “மீண்டும் எடுத்து அனுப்புங்கள்” என்று பதில் வந்தால் எரிச்சல்படாதீர்கள். வேலை நேர்மையாக நடக்கிறது என்று பொருள்.

முடிவைப் படிக்கும்போது 20, 30 விழுக்காட்டுப் பங்குகளை நம்பலாம். ஐந்துக்குக் கீழே தனித்து நிற்கும் பெயர்களை வைத்துக் கதை கட்டக் கூடாது. பெற்றோரிடமிருந்து சரிபாதி வரும். தாத்தா பாட்டியிடமிருந்து வருவது சராசரியாகத்தான் 25, உண்மையில் ஏறக்குறைய இருக்கும். ஒரு குட்டியின் முடிவை அதன் உடன்பிறப்புகளுக்குப் பொருத்தாதீர்கள். அவிழ்த்துவிட்ட பெட்டை நாய் ஒரே பருவத்தில் பல கடுவன்களோடு சேரும். ஒரே ஈற்றுக் குட்டிகளுக்கு வேறு வேறு தகப்பன் இருப்பது சாதாரணம்.

எதற்காகத் தெரிந்துகொள்ள வேண்டும்

குணத்தை அறியத்தான் என்றால், சோதனைக்குச் செலவழிக்க வேண்டாம் என்றே சொல்வோம். 2022இல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வு, 18,385 நாய்களின் உரிமையாளர்களிடம் கேட்டறிந்து, 2,155 நாய்களின் மரபணுவையும் படித்தது. தனித்தனி நாய்களின் நடத்தை வேறுபாட்டில் இனம் விளக்குவது சுமார் 9 விழுக்காடுதான். நாய் காவலுக்கு ஆகுமா, பிள்ளைகளோடு சேருமா என்பதை அதோடு நாலு வாரம் பழகினால் கூடுதலாகத் தெரிந்துகொள்ளலாம்.

சட்டம் என்றால் நிலைமை வேறு. கோலகங்சார் நகராண்மைக் கழகமோ உங்கள் ஊரின் மன்றமோ, லைசன்ஸ் எடுக்கும்போது இனத்தைக் கேட்கலாம். பிட்புல் டெரியர், ஜப்பானியத் தோசா, டோகோ அர்ஜென்டினோ போன்றவை மலேசியாவுக்குள் கொண்டுவரத் தடை செய்யப்பட்டவை. ராட்வைலர், டோபர்மேன் போன்றவற்றுக்குக் கட்டுப்பாடு உண்டு. தலை அகன்ற, வரி போட்ட தோட்டத்து நாயைப் பார்த்து ஸ்டாஃபர்ட்ஷயர் டெரியர் என்று செயலி சொல்வது எளிது. செயலி திரையில் காட்டிய பெயரைச் சான்றாக எண்ணிப் பாரத்தில் எழுதிவிடாதீர்கள், வாட்ஸ்அப் குழுவிலும் பரப்பாதீர்கள். பெற்றோர் தெரியாத நாய்க்கு “கலப்பு” அல்லது “உள்ளூர் நாய்” என்று எழுதுவதே உண்மை.

டிஎன்ஏ சோதனை உண்மையிலேயே உயிர் காக்கக்கூடிய இடம் மருந்து. கோலி, ஆஸ்திரேலியன் ஷெப்பர்ட், ஷெட்லாண்ட் ஷீப்டாக் இனங்களிலும், அல்சேஷன்களில் ஒரு பகுதியிலும், அவற்றின் கலப்புகளிலும் எம்டிஆர்1 என்ற மரபணுவில் நான்கு எழுத்துகள் விடுபட்டிருக்கலாம். சில மருந்துகளை மூளைக்குள் நுழையவிடாமல் வெளியே தள்ளும் புரதத்தை அந்த மரபணுதான் உண்டாக்குகிறது. குறை இருந்தால், ஒட்டுண்ணிகளைக் கொல்லும் ஐவர்மெக்டின் என்ற மருந்து மூளையில் தேங்கும். சொறிக்கு மாட்டு ஊசியையே நாய்க்கும் போடும் வழக்கம் தோட்டப்புறங்களில் இருப்பதால் கணக்கைப் பார்த்துவிடுங்கள். இதயப்புழுத் தடுப்புக்கு நாய்க்குத் தரும் அளவு, கிலோவுக்கு 6 மைக்ரோகிராம். குறையுள்ள நாயும் இதைத் தாங்கும். கிலோவுக்கு 100ஐத் தாண்டினால் குறையுள்ள நாய்க்கு நஞ்சு. மாடுகளுக்கான 1 விழுக்காட்டு ஊசிமருந்தில் 1 மில்லிலிட்டரில் 10,000 மைக்ரோகிராம் இருக்கிறது. 15 கிலோ நாய்க்கு அதை ஒரு மில்லி போட்டால் கிலோவுக்கு 660க்கு மேல் போய்விடும். அது குறையுள்ள நாய்க்கு நஞ்சாகும் அளவைப்போல் ஆறு மடங்குக்கும் மேல்.

அல்சேஷன் அல்லது கோலி ரத்தம் இருக்கலாம் என்று சந்தேகம் இருந்தால், எம்டிஆர்1 சோதனையும் அடங்கிய பெட்டியாகப் பார்த்து வாங்குங்கள். முடிவின் இனப் பக்கத்தோடு இந்தப் பக்கத்தையும் அச்சிட்டு, ஈப்போவிலோ வேறெங்கோ நீங்கள் போகும் கிளினிக்கில் நாயின் அட்டையோடு வைக்கச் சொல்லுங்கள். சோதனை செய்யாத நிலையில் யாராவது ஊசி போட்டுவிட்டு, சில மணி நேரத்தில் நாய் தள்ளாடினாலோ, எச்சில் ஒழுகினாலோ, கண்மணி விரிந்து பார்வை தடுமாறினாலோ, நடுங்கினாலோ காத்திருக்காதீர்கள். இதற்கு நேரடி மாற்றுமருந்து கிடையாது, ஊசியாய்ப் போன மருந்தை வாந்தியெடுக்க வைத்து எடுக்கவும் முடியாது. மருந்துக் குப்பியையும், எத்தனை மில்லி, எத்தனை மணிக்குப் போட்டது என்ற விவரத்தையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.